பழைய காரின் பின் ஆக்ஸில்: சின்னச் சாமான் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்பா ஓட்டிய அம்பாசிடர், மாமனார் வீட்டுப் பத்மினி, ஷெட்டில் தூசி மூடிக் கிடக்கும் ஹெரால்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். எஞ்சினைப் பிரித்து மாட்டுவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் காட்டுகிற அக்கறையைப் பின் ஆக்ஸிலுக்கு யாரும் காட்டுவதில்லை. கடைசியில் வண்டி ரோட்டுக்கு வரும்போதுதான் சத்தமும் ஒழுகலும் தெரிகின்றன. அப்போது கேட்கப்படும் கேள்விகள் இவை.

பின்பக்கம் ஊளைச் சத்தம் வருகிறது. கிரவுன் பினியன் போய்விட்டது, ஹவுசிங்கோடு மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். எஞ்சின் சுழற்சியைப் பின் வீல்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன், அதை மூடியிருக்கும் இரும்புக் கூடுதான் ஹவுசிங். கிரவுன் பினியன் லேசில் போகிற சாமான் இல்லை. ஆயில் இல்லாமல் ஓட்டியிருந்தால், அல்லது உள்ளே தண்ணீர் போய் வருஷக்கணக்கில் நின்றிருந்தால் போகும். மற்றபடி ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்.

முதலில் டயரைக் கழித்துவிடுங்கள். தார் ரோட்டில் ஒரு மாதிரியும் சிமென்ட் ரோட்டில் வேறு மாதிரியும் சத்தம் கேட்டால் அது டயர். பல வருஷம் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அதுவும் ஊளையிடும். ரோடு மாறினாலும் சத்தம் மாறவில்லை, ஆனால் வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது கூடுகிறது அல்லது குறைகிறது என்றால் வீல் பேரிங். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்ததும் வேறு சத்தம் அல்லது சத்தமே இல்லை என்றால்தான் கிரவுன் பினியன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஆயில் அளவைப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு.

ஆயில் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹவுசிங்கில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறக்கப் போகிறீர்களென்றால், அதற்கு முன் மேல் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பிளக்கில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருந்தால் பயமில்லை, அது தேய்மானம். நகம் படுகிற அளவுக்கு இரும்புச் சில்லு வந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் வெளுத்துப்போய் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏரிக்கரை ஓரமும் பாலாற்றுப் பக்கமும் மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

இன்னொன்று. பழைய வண்டி வாங்கும்போது பின்பக்கம் சத்தமே இல்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அடக்கி விற்பது பழைய தந்திரம். துணி வடிகட்டலில் அது தெரிந்துவிடும்.

வீலின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. ஆயில் சீல் போய்விட்டதா, பிரேக் வீல் சிலிண்டர் ஒழுகுகிறதா?

ஆயில் சீல் என்பது கியர் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், வீல் சிலிண்டர் என்பது பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை. எது ஒழுகுகிறது என்று தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நெடி தூக்கும், கையை விட்டு லேசில் போகாது. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி இளகலாக இருக்கும், பட்ட இடத்தில் பெயின்ட்டைத் தின்றிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும்.

இரண்டும் சேர்ந்தே ஒழுகுவதும் உண்டு. நின்றுபோன வண்டியில் ஆயில் சீலின் ரப்பர் உதடு காய்ந்து விறைத்திருக்கும், வீல் சிலிண்டருக்குள் துரு ஏறியிருக்கும். டிரம்மைக் கழற்றிய கையோடு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆயில் சீல் புதிதாகப் போட்டேன். கொஞ்ச நாளிலேயே மறுபடி ஒழுகுகிறது. சீல் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ப்ரீதரைப் பாருங்கள்.

ஹவுசிங்கின் மேல்பக்கம், விரல் நுனி அளவில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். சில வண்டிகளில் வெறும் துளையில் பின் போட்டிருப்பார்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஏனென்றால் அதன் மேல் வருஷக்கணக்கான சேறும் கிரீஸும் அப்பி, பெயின்ட்டும் அடித்து மூடியிருக்கும். வண்டி ஓட ஓட உள்ளே சூடேறிக் காற்று விரியும். வெளியேறும் வழி ப்ரீதர்தான். அது அடைத்துக்கொண்டால் காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், கூடவே ஆயிலும் வரும். எத்தனை புது சீல் போட்டாலும் கதை இதுதான். குமிழைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போக வேண்டும். இவ்வளவுதான் வேலை, காசே ஆகாது. நான் யாருக்குச் சொன்னாலும் ஆக்ஸில் வேலையை இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

ப்ரீதர் சரியாக இருந்தும் ஒழுகுகிறதென்றால், சீல் உட்காரும் இரும்புப் பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீலின் உதடு வருஷக்கணக்கில் ஓடிய இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகம் அதில் மாட்டினால் புது சீலும் அதே பள்ளத்தில்தான் ஓடும், ஒழுகும். இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரவைத்து உதட்டைப் புதுப் பரப்பில் ஓடவிடலாம். இடம் இல்லையென்றால் மேலே மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். லேத்தில் கொடுத்து, வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்பார்கள். வீலைத் திருப்பும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கு அது மட்டும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும், பிற்பாடு முறிகிற இடம் அதுதான்.

மாட்டும்போது சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கியர் ஆயில் தடவுங்கள். சுத்தியலால் ஓரத்தில் தட்டாமல், சீலின் அளவுக்குத் தட்டையான இரும்புத் தகடோ பழைய பேரிங்கின் வெளி வளையமோ வைத்து, சாயாமல் நேராக இறக்குங்கள்.

அம்பாசிடரில் ஹப்பைக் கழற்றுவது எப்படி?

அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் வழி வந்த வண்டி. 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. இங்கே சொல்வது மார்க் 2, மார்க் 3 போன்ற பழைய வண்டிகளின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை ஆக்ஸிலுக்கு. இதை த்ரீ குவார்ட்டர் ஃப்ளோட்டிங் என்பார்கள். ஹப் என்பது டிரம்மும் வீலும் மாட்டப்படும் நடுப்பகுதி. அதன் பேரிங் ஹவுசிங் குழாயின் மேலேயே உட்கார்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்கும், ஷாஃப்ட் வீலைத் திருப்புவதோடு வளைவில் வரும் பக்கவாட்டு அழுத்தத்தில் ஒரு பங்கையும் தாங்கும். அதனால் ஷாஃப்ட்டை உருவினாலும் ஹப் அதன் இடத்திலேயே நிற்கும்.

முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக், செங்கல் மேலெல்லாம் நிறுத்தாதீர்கள். அவை சொல்லாமல் உடையும். வேலை செய்கிற பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் ஆயில் மறுபக்கம் ஓடிவிடும், ஷாஃப்ட்டை உருவும்போது தரையெல்லாம் கொட்டாது.

டிரம்மின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, டிரம்மை எடுத்து, ஷாஃப்ட் முனையின் வட்டத் தட்டான ஃபிளேஞ்சின் ஸ்குரூவையும் கழற்றினால் ஷாஃப்ட் கையோடு வரும். வராவிட்டால் மெல்லிய உளியை இடையில் நுழைத்து நெம்பாதீர்கள், காகிதப் பேக்கிங் உட்காரும் முகம் கீறிவிடும். ஃபிளேஞ்சை மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினாலே விட்டுக் கொடுக்கும். அப்புறம் ஹப் நட். அதை லாக் வாஷரின் காது மடங்கிப் பிடித்திருக்கும். காதை நிமிர்த்திய பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும்.

கை வைக்கும் முன் மரையைப் பாருங்கள். ஆக்ஸிலின் ஒரு பக்கம் இடது மரையாக இருப்பது பழைய வண்டிகளில் உண்டு. தலையைச் சாய்த்து, குழாய் செங்குத்தாக நிற்கிற மாதிரி வைத்துப் பார்த்தால் மரை வலப்பக்கம் ஏறினால் சாதாரண மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை. உளியும் சுத்தியலுமாக நட்டின் மூலையில் அடித்துக் கழற்றுகிற வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. முன்பு யாரோ அப்படி அடித்த தழும்பு உங்கள் வண்டியிலும் இருக்கும். அளவான பாக்ஸ் ஸ்பேனர் கிடைக்காவிட்டால் குழாய்த் துண்டில் அந்த நட்டின் அளவுக்கு லேத்தில் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலூர், ராணிப்பேட்டையில் லேத்துக்கா பஞ்சம்.

ஹப்பைப் புல்லர் போட்டு இழுத்தால் பேரிங்கும் சீலும் அதோடு வெளியே வரும்.

ஹப் பேக்கிங் கடையில் கிடைக்கவில்லை. பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டுக்கொள்ளலாமா?

வெட்டலாம். ஆனால் ஷீட்டின் கனத்தை அளந்து பார்த்து வெட்ட வேண்டும். சாதாரணக் காகித வளையம்தானே என்று எல்லோரும் அலட்சியமாக விடுகிற இடம் இது.

இந்த வகை ஹப்பில் பேரிங்கின் வெளி வளையத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாஃப்ட்டின் ஃபிளேஞ்ச்தான். பேரிங்கையும் அதன் வளையத்தையும் உள்ளே உட்காரவைத்த பிறகு, பேக்கிங்கோடு சேர்ந்த ஹப் முகத்தைவிட அது மயிரிழை அளவு வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். பிஎம்சி கணக்கில் அது ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு பங்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். அப்போதுதான் ஃபிளேஞ்சை இறுக்கும்போது பேரிங் நெருக்கிப் பிடிக்கப்படும்.

ஆயில் ஒழுகக் கூடாது என்று கனமான ஷீட்டை வெட்டிப் போட்டால் ஃபிளேஞ்ச் பேக்கிங்கின் மேல்தான் உட்காரும், பேரிங்கைத் தொடாது. பேரிங் ஹப்புக்குள் ஆட ஆரம்பிக்கும், இடத்தைத் தின்றுவிடும், ஷாஃப்ட் ஸ்குரூ லூசாகும். ஹப்பே வீணாகிப் போவது இப்படித்தான். மெல்லிய பேக்கிங் காகிதத்தை வாங்கி, பழைய பேக்கிங்கோடு மைக்ரோமீட்டரில் ஒப்பிட்டு வெட்டுங்கள். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் லேத் கடைக்காரரிடம் கேட்டால் அளந்து சொல்வார். இரண்டு பேக்கிங் சேர்த்துப் போடுவது, சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவது இரண்டும் வேண்டாம். பேஸ்ட் பூசித்தான் ஆக வேண்டுமென்றால் மூச்சுப் பட்ட மாதிரி மெல்லியதாக.

பத்மினிக்கும் இதே முறைதானா?

இல்லை. பத்மினி ஃபியட் 1100 வழி வந்தது. அதில் பேரிங் ஷாஃப்ட்டின் மேலேயே ஏறி, பின்னால் ஒரு இரும்பு வளையம் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அந்த வளையம்தான் வீலும் ஷாஃப்ட்டும் வெளியே உருவிக்கொண்டு போகாமல் காப்பது. இதை வீட்டில் சுத்தியல் வைத்துச் செய்ய வேண்டாம். பிரஸ் உள்ள பட்டறைக்கு ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய வளையத்தை மறுபடி ஏற்றவே கூடாது, அதன் பிடி போயிருக்கும். புது வளையத்தைச் சூடேற்றி இறக்க வேண்டும். உளியால் அடித்து வளையத்தை உடைக்கும்போது ஷாஃப்ட்டில் வெட்டு விழுந்தால் அந்த ஷாஃப்ட்டை நம்பாதீர்கள்.

ஹெரால்டு?

அது தனி ஜாதி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில் கிடையாது. கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி சேஸிஸில் நிற்கும், இரண்டு பக்க ஷாஃப்ட்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், குறுக்கே ஒரே பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்). 1972-இல் அதன் வாரிசாக வந்த கசெல்லில்தான் வழக்கமான கட்டை ஆக்ஸில் போட்டார்கள்.

ஹெரால்டின் ஹப் கூம்பான ஷாஃப்ட் முனையில் சாவியோடு (கீ என்கிற சின்ன இரும்புத் துண்டு) இறுகியிருக்கும். சாதாரண இரண்டு கால் புல்லருக்கு மசியாது, ஹப் ஃபிளேஞ்சைத்தான் வளைக்கும். வீல் ஸ்டட்களில் பிடிக்கிற கனமான புல்லர் வேண்டும். உள் பக்கம் நீடில் பேரிங் ஷாஃப்ட்டின் மேலேயே நேராக ஓடும், ஆகவே ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. கீழே உள்ள நைலான் புஷ்களையும் ரேடியஸ் ஆர்ம் ரப்பர்களையும் அதே தடவையில் மாற்றிவிடுங்கள். பின் வீல்கள் உள்பக்கம் சாய்ந்த மாதிரி நிற்கிற ஹெரால்டுகளில் பட்டைக் கட்டு படுத்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

சாமான் எங்கே கிடைக்கும்?

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும், பெங்களூருவில் ஜே.சி. ரோடும் இதற்குப் பேர்போனவை. காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால் கடைக்குப் போய் "அம்பாசிடர் பின் பேரிங் கொடுங்க" என்று கேட்பதைவிடப் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள்.

பேரிங்குக்கு வண்டிப் பெயர் தேவையில்லை, நம்பர் போதும். வெளி வளையத்தின் முகத்தில் பொறித்திருக்கும். உதாரணமாக 6207 என்றிருந்தால், கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்: உள் விட்டம் 35 மில்லிமீட்டர். அதன் வெளி விட்டம் 72, அகலம் 17. இந்த நம்பர் எந்தக் கம்பெனிக்கும் பொது, அதனால் கார்க் கடையில் இல்லாதது மோட்டார் பம்ப் செட் சாமான் விற்கும் பேரிங் கடையில் கிடைக்கும். ஆயில் சீலுக்கும் அப்படித்தான்: ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போனால் உள்ளூரிலேயே முடிந்துவிடும். பிரிட்டிஷ் வண்டிகளில் இன்ச் அளவு வரும். மில்லிமீட்டரில் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று சீலை வாங்காதீர்கள்.

பழைய ஸ்டாக் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருஷம் பெட்டியிலேயே இருந்த பேரிங் துருவில்லாமல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கழுவிப் புது கிரீஸ் வைத்தால் போதும். முப்பது வருஷம் பெட்டியில் இருந்த ஆயில் சீலும் ரப்பர் புஷ்ஷும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பருக்கு ஓடினாலும் வயசு, ஓடாவிட்டாலும் வயசு.

என் ஸ்பேனர் செட் எந்த நட்டிலும் சரியாக உட்காரவில்லையே?

அம்பாசிடர் இன்ச் வண்டி. அரை இன்ச் தலை 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனர் போட்டால் வழுக்கி மூலை தேயும். 9/16 என்பது 14.3. முக்கால் இன்ச்சில் மட்டும் 19 ஸ்பேனர் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும். பழைய துருப்பிடித்த நட்டுக்கு இன்ச் ரிங் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். பத்மினிக்கு மில்லிமீட்டர் செட்டே போதும்.

கியர் போட்டு கிளம்பும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு அடி விழுகிறது. கிரவுனில் ப்ளே, அதாவது ஆட்டம், என்கிறார்கள்.

மறுபடியும் கிரவுன். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வீல்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் நீள ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அதன் முனையிலுள்ள யூ ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் இருந்தால் கண்ணுக்கே தெரியும், கப் ஓரம் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். அடுத்து, ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை லேசாக விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்கு அடியில் போகாமல், பக்கத்தில் தள்ளி நின்று பட்டைக் கட்டைக் கவனியுங்கள். ஹவுசிங் பட்டையின் மேல் நகர்ந்தால், இரண்டையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் லூஸ். பட்டையின் முன் கண் அசைந்தால் அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது.

யூ போல்ட் லூசாக ஓடிய வண்டியில் அடுத்துப் போவது சென்டர் போல்ட். பட்டைகளைக் கோத்து, ஹவுசிங்கை அதன் இடத்தில் நிறுத்துவது அந்த ஒரு சின்னப் போல்ட்தான். அது அறுந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் தள்ளிப்போகும், வண்டி நாய் ஓட்டமாகக் கோணிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும்.

பட்டைக் கட்டைக் கழற்றினால் யூ போல்ட்களைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை இழுத்து இறுகிய யூ போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. புஷ் மாற்றும்போது ஒரு விஷயம்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது பட்டையின் முனையைப் பிடிக்கும் ஷேக்கிளின் நட்டை முழுக்க இறுக்காதீர்கள். வீல்கள் தரையில் நின்று முழுப் பாரமும் பட்டையின் மேல் வந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டாம்.

சர்வீஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கம் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து ஸ்பிரே அடிப்பார்களே, அதைப் புது புஷ் போட்ட வண்டிக்கு அடிக்க விடாதீர்கள். துரு பிடிக்காது என்பது சரிதான், ரப்பர் ஊதிப்போகும் என்பதும் சரிதான்.

பினியன் சீலையும் சேர்த்து மாற்றிவிடலாமா?

ஒழுகினால் மட்டும். பினியன் சீல் இருப்பது நீள ஷாஃப்ட் ஹவுசிங்கோடு சேரும் இடத்தில். அதை எடுக்கக் கழற்ற வேண்டிய பினியன் நட் வெறும் நட் இல்லை, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. சில ஆக்ஸில்களில் உள்ளே நசுங்கும் ஸ்பேசர் இருக்கும், அதில் அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடேறித் தின்றுவிடும். கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்ட் முனையிலும் ஃபிளேஞ்சிலும் ஒரே கோட்டில் புள்ளிக் குத்துங்கள், எத்தனை சுற்றுக் கழன்றது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒழுகாத சீலைச் சும்மா தொட வேண்டியதில்லை.

பிரேக் லைனிங்கில் ஆயில் இறங்கிவிட்டது. பெட்ரோலில் கழுவிக் கொளுத்தினால் சரியாகும் என்கிறார்களே?

சரியாகாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், டிரம் சூடானதும் உள்ளே இறங்கிய ஆயில் மறுபடி வெளியே வரும், அந்தப் பக்கம் மட்டும் பிரேக் பிடிக்காமல் வண்டி இழுக்கும். புது லைனிங் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே. பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், ஆகவே டிரம்மில் உள்ள தூளைக் கம்ப்ரஸர் வைத்து ஊதாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்தெடுங்கள்.

என்ன ஆயில் ஊற்றுவது? வேலூர் வெயிலுக்குக் கெட்டியாக 140 போடச் சொல்கிறார்கள்.

ஹைபாய்டு (பற்கள் வழுக்கி உரசும் வகை) கிரவுன் பினியன் உள்ள ஆக்ஸிலுக்கு ஈபி 90 கியர் ஆயில், ஜிஎல் 5 தரத்தில். அக்னி நட்சத்திரத்திலும் அதுவே போதும். 140 ஊற்றினால் சத்தம் கொஞ்சம் குறையும், அதைத்தான் வெயிலுக்கு நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள், பல்லுக்குப் பல் வழுக்கி உரசுகிற அழுத்தத்தை அது தாங்காது. பழைய ஆயிலை வண்டி ஓட்டி வந்த சூட்டோடு வடியுங்கள்.

ரொம்பப் பழைய வண்டி, ஆயில் சீலுக்குப் பதில் தோல் வளையம் இருக்கிறது. ஆம்பூரில் தோல் வாங்கி வெட்டலாமா?

அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் தோலோ கம்பளி வளையமோ போட்டிருப்பார்கள். தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் செருப்புக்குப் பதப்படுத்திய தோலும் சீலுக்கான தோலும் ஒன்றல்ல. சீல் தோல் மெழுகிலும் எண்ணெயிலும் ஊறி, ஒரே கனத்தில் இருக்க வேண்டும். காட்சிக்கு மட்டும் நிற்கிற வண்டி என்றால் செய்து பாருங்கள். ரோட்டில் ஓட வேண்டிய வண்டிக்கு அதே அளவில் ரப்பர் சீல் கிடைத்தால் அதைப் போடுங்கள், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

வின்டேஜ் பதிவு எடுக்க நினைக்கிறேன். ஆக்ஸில் சாமான் மாற்றியது பாதிக்குமா?

2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'விஏ' எழுத்து வரும் நம்பர் வாங்கலாம். பேரிங், சீல், புஷ் மாற்றுவதெல்லாம் பராமரிப்புக் கணக்குதான். ஆனால் விஏ நம்பர் வாங்கிய வண்டியை தினசரி ஓட்ட அனுமதி இல்லை. தினமும் மார்க்கெட்டுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கப் போகிற வண்டி என்றால் பழைய பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது. பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே ஏலகிரிக்கு எடுத்துப் போகலாமா?

முதலில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம் வரை போய்த் திரும்புங்கள். சர்வீஸ் ரோட்டில் நிழலாகப் பார்த்து நிறுத்தி, இரண்டு பின் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். மே மாதம் என்றால் எதைத் தொட்டாலும் சுடும், ஆகவே சூடு எவ்வளவு என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியவில்லை என்றால் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம் பின்தட்டின் அடியில் புது ஈரம் உண்டா, ப்ரீதர் குமிழைச் சுற்றி ஆயில் கசிந்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டி தரையில் நிற்கும்போதே யூ போல்ட்களை ஒருமுறை இறுக்குங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. புதுப் பட்டையும் பெயின்ட்டும் படிந்து நட் லூசாவது சகஜம். அதன் பிறகு ஏலகிரிக்குப் போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள், புது லைனிங் டிரம்மில் முழுதாகப் படிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.